எஸ்தோனிய மொழி: வரலாறும் இயல்புகளும்
ஒரு சமூகவியல் நோக்கு

மொழி வரலாறு என்னும் பெயரில் எமக்கு வழமையாகக் கிடைப்பவை பேரரசுகளின் மொழிகள் பற்றிய வரலாறுகளே. அரசவையிலும் ஆலயத்திலும் வணிக மையங்களிலும் வழங்கி, ஆளும் வர்க்கத்தின் ஆதரவில் செழித்த மொழிகளே ஆய்வாளரின் கவனத்தைப் பெரிதும் ஈர்த்துள்ளன. ஏழு நூற்றாண்டுகளாக அரசோ, பிரபுக்களோ, நகரோ தனக்கென இல்லாது, உழவராலும் பண்ணையடிமைகளாலும் மாத்திரமே பேசப்பட்ட மொழியொன்று எவ்வாறு அழியாது நின்றது? அது எவ்வாறு பல்கலைக்கழகத்தினதும் அரசினதும் மொழியாக உயர்ந்தது? உயர்ந்தபின் அதனை உயர்த்தியோர் அம்மொழியைக் கொண்டு என்ன செய்தனர்? இவ்வினாக்களுக்கு விடை தேட முற்படும் மாணவனுக்குப் பால்டிக் கடலின் கிழக்குக் கரையில் ஏறத்தாழ 11 இலட்சம் மக்களின் மொழியாக விளங்கும் எஸ்தோனிய மொழி பயனுள்ள சான்றாகும். அம்மொழியின் இயல்புகளையும் அதன் வரலாற்றை இயக்கிய சமூக சக்திகளையும் சுருக்கமாக நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1

எஸ்தோனியா ஐரோப்பாவில் அமைந்துள்ளதெனினும் அதன் மொழி இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தைச் சார்ந்ததன்று. அது ஊராலிய மொழிக் குடும்பத்தின் பின்னிய-உக்கிரியப் பிரிவில், பால்டிக்-பின்னியக் கிளையைச் சேர்ந்தது. பின்னிஷ், கரேலிய, வெப்சிய, வோத்திய, லிவோனிய மொழிகள் அதன் நெருங்கிய உறவுகள். ஹங்கேரிய மொழி தூரத்து உறவு. அயலிலுள்ள லாத்விய, ரஷ்ய, ஜேர்மன், சுவீடிஷ் மொழிகள் யாவும் இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தவை. ஆகவே புவியியல் அயலுறவு வேறு, மொழிப் பிறப்புறவு வேறு என்பதற்கு எஸ்தோனியம் தெளிவான எடுத்துக்காட்டாகும்.

பின்னிய மொழிகள் தமிழ் ஆய்வுலகுக்கு முற்றிலும் புதியனவல்ல. 1856இல் தமது ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல், திராவிட மொழிகளைத் தாம் 'சித்திய' மொழிகள் என அழைத்த பெருந்தொகுதியுடன் ஒப்பிட்டவிடத்துப் பின்னிய மொழிகளையும் அத்தொகுதியுள் அடக்கினார். அவர் கருதிய உறவு இன்றுவரை நிறுவப்படவில்லை. ஒட்டுநிலை அமைப்பு இருபாலும் காணப்படுவது உண்மையே. ஆயினும் அமைப்பொற்றுமை பிறப்புறவுக்குச் சான்றாகாது என்பது ஒப்பியல் மொழியியலின் அரிச்சுவடியாகும். இத்தகைய தூரத்து உறவுகளைத் தேடிப் பெருமை கொள்வதிலும், அம்மொழியைப் பேசிய மக்களின் வரலாற்றை விளங்கிக்கொள்வதே பயனுடையது.

ஒரு சமூகத்தின் பழைய தொடர்புகளை அதன் கடன்சொற்கள் காட்டிக்கொடுக்கும். எஸ்தோனியத்தில் நூறு என்னும் எண்ணுக்குப் பெயர் 'சத'. இது மிகப் பழங்காலத்தில் இந்தோ-ஈரானிய மொழி பேசியோரிடமிருந்து பெறப்பட்டது. வடமொழியின் 'சத'த்தை அறிந்த எமக்கு இது வியப்பூட்டலாம். அடிமையைக் குறிக்கும் 'ஒரி' என்னும் சொல் 'ஆரிய' என்னும் இனப்பெயரிலிருந்து வந்ததெனப் பல அறிஞர் கருதுவர். ஸ்லாவ் இனப்பெயர் மேற்கு ஐரோப்பிய மொழிகளில் அடிமையைக் குறிக்கலானமை போன்றே, போரிற் சிறைப்பட்டோரின் இனப்பெயர் அடிமையின் பெயராயிற்று என்பது அவர்தம் விளக்கம். பல்லைக் குறிக்கும் 'ஹம்மஸ்', பாலத்தைக் குறிக்கும் 'சில்ட்' என்பன பால்டிக் மொழிகளிலிருந்து வந்தவை. அரசனைக் குறிக்கும் 'குனிங்கஸ்' பழைய ஜேர்மானியக் கடன். நூலைக் குறிக்கும் 'ராமத்' பழைய ரஷ்ய மொழியூடாக வந்தது.

2

எஸ்தோனிய இலக்கணத்தில் பெயர்ச்சொற்கள் 14 வேற்றுமைகளை ஏற்கும். இத்தொகை முதலில் மலைப்பைத் தருவதெனினும் அதன் ஒழுங்கை அறிந்தவருக்கு அது எளிதே. வீட்டைக் குறிக்கும் 'மய' என்னும் சொல்லைக் கொள்வோம். 'மயஸ்' என்பது வீட்டினுள், 'மயஸ்ஸெ' என்பது வீட்டினுள்ளே நோக்கி, 'மயஸ்ட்' என்பது வீட்டினுள்ளிருந்து எனப் பொருள்தரும். இவை மூன்றும் உள்ளிட வேற்றுமைகள். இவற்றுக்கு இணையாக 'மயல்', 'மயலெ', 'மயல்ட்' என்னும் மூன்றும் மேற்பரப்பிலோ அண்மையிலோ இருத்தல், அதனை அடைதல், அதனின்று நீங்கல் ஆகியவற்றை உணர்த்தும். 'மயக' என்பது வீட்டோடு, 'மயத' என்பது வீடில்லாமல், 'மயனி' என்பது வீடுவரை. இவ்வாறு இடத்தையும் அசைவின் திசையையும் முறைப்படி பகுத்துக் காட்டும் உருபமைப்பு இம்மொழியின் சிறப்பியல்புகளுள் ஒன்றாகும்.

செயப்படுபொருளின் வடிவமும் கவனிக்கத்தக்கது. ஒருவன் நூலொன்றை வாசித்துக்கொண்டிருந்தானா, முழுவதும் வாசித்து முடித்தானா என்பதை வினைமுற்று மாத்திரமன்றிச் செயப்படுபொருளின் வேற்றுமையும் உணர்த்தும். முற்றுப்பெறாத செயலாயின் 'ராமத்துத்' என்னும் பகுதிப்பொருள் வேற்றுமையும், முற்றுப்பெற்ற செயலாயின் 'ராமத்து' என்னும் வடிவமும் வரும். எஸ்தோனியத்தில் இலக்கணப் பால் இல்லை. 'தெம' என்னும் ஒரே சுட்டுப்பெயர் அவனையும் அவளையும் குறிக்கும். எதிர்காலத்துக்கெனத் தனி வினைவடிவம் இல்லை. நிகழ்கால வடிவமே சூழல் நோக்கி எதிர்காலத்தை உணர்த்தும்.

ஒலியமைப்பைப் பொறுத்தவரையில் மிகவும் பேசப்படுவது அதன் மூவகை அளவாகும். பெரும்பாலான மொழிகள் குறில், நெடில் என்ற இருநிலை வேறுபாட்டோடு அமைய, எஸ்தோனியம் குறுமை, நெடுமை, மிகுநெடுமை என மூன்று நிலைகளைப் பொருள் வேறுபடுத்தப் பயன்படுத்துகின்றது. குறுகிய னகரத்தோடு 'லின' என்றால் சணல்வகை நார்ப்பயிர். நீண்ட னகரத்தோடு 'லின்ன' என்றால் நகரத்தினுடைய. அதனினும் மிக நீண்டு ஒலிப்பின் நகரத்தினுள்ளே நோக்கி என்பது பொருள். பின்னிரண்டும் எழுத்தில் ஒன்றே, செவிக்கு மாத்திரமே வேறு. எமது அளபெடை பெரும்பாலும் ஓசை நிறைவுக்காக வருவது. எஸ்தோனியரின் மிகுநெடுமையோ அன்றாடப் பேச்சின் இலக்கணக் கருவி.

இவ்வியல்பு எவ்வாறு தோன்றியது? பின்னிஷ் மொழியில் காலைக் குறிக்கும் 'யல்க' என்பதன் ஆறாம் வேற்றுமை 'யலன்'. எஸ்தோனியத்தில் இறுதி உயிர் கெட்டு 'யல்க்' என்றாயிற்று. வேற்றுமை வடிவத்தின் இறுதி னகரம் கெட்டு 'யல' என்றாயிற்று. முன்னர் உருபு ஆற்றிய பணியைச் சொல்லின் உட்புற மாற்றமும் ஒலியின் நீளமும் ஏற்றுக்கொண்டன. ஒட்டுநிலையிலிருந்து உட்பிணைப்பு நிலையை நோக்கி மொழியொன்று நகரும் போக்கினை இங்குத் தெளிவாகக் காணலாம். பின்னிஷ் மொழியில் நிலைத்துள்ள உயிர் இயைபும் பொது எஸ்தோனியத்தில் அருகிவிட்டது. இம்மொழியின் ஒன்பது உயிர்களுள் ஒன்று, இதழ் குவியாது பின்நாவால் ஒலிக்கப்படுவது. எமது குற்றியலுகரத்தை ஓரளவு நினைவூட்டும் இவ்வொலிக்குத் தனி எழுத்தை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓட்டோ வில்லெம் மாசிங் என்னும் பாதிரியார் வழக்கிற் கொணர்ந்தார்.

3

13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், 1208 முதல் 1227 வரை நடந்த சிலுவைப் போர்களின் விளைவாக எஸ்தோனியர் ஜேர்மானிய வீரர்களுக்கும் டென்மார்க்கு மன்னனுக்கும் அடிப்பட்டனர். இப்போர்களைப் பதிவுசெய்த லிவோனிய ஹென்றியின் இலத்தீன் வரலாற்றேட்டிலேயே எஸ்தோனியச் சொற்களும் பெயர்களும் முதன்முதலிற் குறிப்பிடத்தக்க அளவில் எழுத்துருப் பெறுகின்றன. ஒரு மக்களின் மொழி அவர்களை வென்றவர்களின் ஏட்டில் முதன்முதலிற் பதிவாவது வரலாற்றின் கசப்பான முரண்களுள் ஒன்று.

பின்னர் நாட்டை ஆண்ட அரசுகள் மாறின. டென்மார்க்கு, ஜேர்மானிய வீரர் சங்கங்கள், போலந்து, சுவீடன், 1710 முதல் ரஷ்யா என ஆட்சி கைமாறிய போதிலும், நிலம் பால்டிக்-ஜேர்மானியப் பிரபுக்களின் கையை விட்டு அகலவில்லை. உற்பத்தி உறவுகளின் இத்தொடர்ச்சியே மொழியின் தகுதியை நிர்ணயித்தது. பிரபு, பாதிரி, நகர வணிகன் ஆகியோரின் மொழி ஜேர்மன். உழவனின் மொழி எஸ்தோனியம். ஜேர்மானியர் அதனை 'ஜேர்மன் அல்லாத' மொழி என்றே அழைத்தனர். எஸ்தோனிய உழவரும் தம்மை இனப்பெயரால் அன்றி 'மண்ணின் மக்கள்' என்றும், தம் மொழியை 'மண்ணின் மொழி' என்றும் கூறிக்கொண்டனர். 'சக்ஸ்' என்னும் சொல் ஜேர்மானியனைக் குறித்ததோடு துரை, எசமான் என்னும் பொருளையும் பெற்றது. சற்று வசதிபெற்று ஜேர்மானியரைப் போலப் பேசவும் உடுக்கவும் முயன்ற எஸ்தோனியன் 'கதக்கசக்ஸ்', அதாவது பற்றைக்காட்டுத் துரை, என எள்ளப்பட்டான். இனப்பெயர் வர்க்கப்பெயராகவும் அமைந்த இச்சொல் அக்காலச் சமூக அமைப்பின் சுருக்கம் எனலாம்.

கீழ்-ஜேர்மன் மொழியிலிருந்து பெருந்தொகையான சொற்கள் இக்காலத்திற் புகுந்தன. பாடசாலைக்குக் 'கோல்', மருத்துவனுக்கு 'அர்ஸ்ட்', தொழிலுக்கு 'அமெட்', மதிலுக்கு 'முய்ர்', அயலவனுக்கு 'நாபெர்' என்பன சில. நகர், கைத்தொழில், நிறுவனம் ஆகியன யார் கையில் இருந்தனவோ அவர் மொழியிலிருந்தே அவற்றுக்கான சொற்களும் வந்தன.

மதச் சீர்திருத்தத்தை அடுத்து எழுத்துமொழி தோன்றியது. வன்ராட், கோல் என்னும் இருவரும் ஆக்கி 1535இல் விற்றன்பேர்க்கில் அச்சான வினாவிடை நூலே பகுதியேனும் எஞ்சியுள்ள முதல் எஸ்தோனிய நூல். அதன் சிதைந்த ஏடுகள் 1929இலேயே கண்டெடுக்கப்பட்டன. 1637இல் ஹைன்றிச் ஸ்டால் முதல் இலக்கணத்தை வெளியிட்டார். அது ஜேர்மானியப் பாதிரிமார் கற்பதற்காக ஜேர்மன் எழுத்து மரபையும் இலக்கண அச்சையும் தழுவி எழுதப்பட்டது.

இந்நிலையில் வேறொரு திசையிற் சென்றவர் பென்க்ட் கொட்பிரீட் போர்ஸெலியுஸ். 1684இல் தார்த்து நகருக்கு அருகில் உழவர் பிள்ளைகளை ஆசிரியராகப் பயிற்றும் பள்ளியொன்றை அவர் நிறுவினார். உழவன் மகனுக்குக் கல்வி ஏறாது என்பது பிரபுக்களின் வாதம். 1686இல் இரண்டு உழவச் சிறுவரைச் சுவீடிஷ் மன்னன் பதினோராம் சார்ல்ஸின் முன்னிலைக்கு அழைத்துச் சென்று, அவர்தம் வாசிப்புத் திறனைக் காட்டி அவ்வாதத்தை அவர் மறுத்தார். பேச்சொலிக்கு நெருங்கிய எளிய எழுத்துமுறையையும் அவர் பரிந்துரைத்தார். ஜேர்மானியன் வாசிப்பதற்கான எழுத்திலிருந்து எஸ்தோனியன் வாசிப்பதற்கான எழுத்துக்கு மாறியமை எழுத்துச் சீர்திருத்தம் மாத்திரமன்று. வாசகன் யார் என்ற வினாவுக்கு அளிக்கப்பட்ட புதிய விடையுமாகும்.

தல்லினைச் சார்ந்த வட வழக்கும் தார்த்துவைச் சார்ந்த தென் வழக்கும் நெடுங்காலம் தனித்தனி எழுத்துமொழிகளாய் இருந்தன. புதிய ஏற்பாடு 1686இல் தென் வழக்கில் வெளிவந்தது. முழு விவிலியமோ 1739இல் அன்டன் தோர் ஹெல்லேயின் முயற்சியால் வட வழக்கில் வெளிவந்தது. வட வழக்கின் பிற்கால மேலாண்மைக்கு இது முக்கிய காரணமாயிற்று.

4

பண்ணையடிமை முறை வட மாகாணத்தில் 1816இலும் தென் மாகாணத்தில் 1819இலும் ஒழிக்கப்பட்டது. ஆயினும் உழவனுக்கு விடுதலை கிடைத்ததே தவிர நிலம் கிடைக்கவில்லை. நூற்றாண்டின் நடுப்பகுதியை அடுத்து உழவர் பண்ணைகளை விலைக்கு வாங்கலாயினர். இவ்வாறு உருவாகிய நிலவுடைமை உழவர், பள்ளி ஆசிரியர், நகர்சார் சிறு உடைமையாளர் ஆகியோரே தேசிய விழிப்பின் சமூகத் தளமாயினர். பிள்ளைகளுக்கு வீட்டிலேயே வாசிப்புக் கற்பிக்கும் லூதரிய வழக்கமும் கிராமப் பள்ளிகளும் வாசகர் திரளை ஏற்கெனவே ஆயத்தம் செய்திருந்தன. 1897ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போது எஸ்தோனியருள் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேற்பட்டோர் வாசிக்கத் தெரிந்தவராயிருந்தனர்.

1857இல் யான்சென் தமது வார ஏட்டின் வாயிலாக வாசகரை 'மண்ணின் மக்கள்' என்னாது 'எஸ்தோனிய மக்கள்' என விளித்தார். அதே ஆண்டில் க்ரொய்ட்ஸ்வால்ட் தொகுத்தியற்றிய 'கலெவிபோயெக்' காப்பியம் வெளிவரத் தொடங்கி 1861இல் நிறைவுற்றது. 1869இல் தார்த்துவில் முதலாவது இசைவிழா நடைபெற்றது. அதே ஆண்டில் வீடமனின் எஸ்தோனிய-ஜேர்மன் அகராதி வெளியாயிற்று. 1843இல் அரென்ஸ் பின்னிஷ் முறையைத் தழுவி வகுத்த எழுத்துமுறை படிப்படியாக நிலைபெற்றது. 1888இல் யாக்கொப் ஹுர்ட் விடுத்த அழைப்பை ஏற்று ஆயிரத்துக்கு மேற்பட்டோர் நாட்டார் பாடல்களையும் கதைகளையும் எழுதியனுப்ப, அத்தொகுப்பு ஓர் இலட்சம் பக்கங்களைக் கடந்தது. உழவரே சேகரிப்பாளராய் நின்ற இம்முயற்சி, மக்கள் பண்பாட்டைப் பற்றிப் பேசுவோர் அனைவரும் மனங்கொள்ளத்தக்கது.

1880களில் ஸார் ஆட்சி பள்ளிகளில் ரஷ்ய மொழியைப் புகுத்தியது. பிரபுவின் ஜேர்மனும் அதிகாரியின் ரஷ்யமும் இருபுறமும் நெருக்க, 1905ஆம் ஆண்டுப் புரட்சியின் அலையில் 'இளம் எஸ்தோனியா' என்னும் இலக்கியக் குழு தோன்றியது. இச்சூழலிலேயே மொழிச் சீர்திருத்தம் பற்றிய புகழ்பெற்ற விவாதமும் எழுந்தது.

யொஹன்னெஸ் ஆவிக் (1880-1973) மொழியை மனிதன் விரும்பியவாறு திருத்தக்கூடிய கருவியாகக் கண்டார். பின்னிஷ் மொழியிலிருந்தும் தென் வழக்கிலிருந்தும் சொற்களை எடுத்ததோடு அமையாது, வேரெதுவுமின்றிப் புதுச் சொற்களையும் ஆக்கினார். ஆயுதத்தைக் குறிக்கும் 'ரெல்வ்', குற்றத்தைக் குறிக்கும் 'ரொய்ம்' என்பன அவ்வாறு பிறந்து இன்று எவரும் புதுமையென உணராத வழக்குச் சொற்களாகிவிட்டன. வொல்டெமர் வெஸ்கி (1873-1968) மறுமுனையில் நின்றார். மொழியிலுள்ள விகுதிகளையும் தொகைச்சொல் ஆக்க முறையையும் முறைப்படி பயன்படுத்திப் பல துறைகளுக்குக் கலைச்சொற்களை அவர் வகுத்தார். ஆவிக்கிடம் கலைஞனின் துணிவும், வெஸ்கியிடம் துறைவல்லுநரோடு கூடி உழைக்கும் நிறுவனப் பொறுமையும் மேலோங்கின. எஸ்தோனியம் இருவரையும் பயன்படுத்திக்கொண்டது. ஆயினும் இருவர்தம் சொற்களும் நிலைத்தமைக்கு அடிப்படைக் காரணம், அவற்றைப் பயன்படுத்தும் பள்ளியும் பத்திரிகையும் நீதிமன்றமும் ஆய்வுகூடமும் விரைவில் தோன்றியமையே. 1918இல் நாடு சுதந்திரத்தைப் பிரகடனம் செய்தது. 1919இல் பிரபுக்களின் பெருநிலங்கள் சட்டத்தால் கையகப்படுத்தப்பட்டன. 1632இல் நிறுவப்பட்டு, 1802 முதல் முதலில் ஜேர்மனிலும் பின்னர் ரஷ்யத்திலும் இயங்கிய தார்த்துப் பல்கலைக்கழகம் அதே 1919இல் எஸ்தோனிய மொழிப் பல்கலைக்கழகமாகத் திறக்கப்பட்டது. நிலச் சீர்திருத்தமும் மொழியின் உயர்வும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தமை தற்செயலன்று.

5

1940இல் சோவியத் யூனியன் எஸ்தோனியாவைத் தன்னுடன் இணைத்துக்கொண்டது. இக்காலப்பகுதியை நோக்குமிடத்து மார்க்சிய ஆய்வாளனுக்குச் சங்கடமான உண்மைகள் எதிர்ப்படுகின்றன. அவற்றை மறைப்பது ஆய்வுமன்று, மார்க்சியமுமன்று. 1914இலேயே கட்டாய அரச மொழி என்னும் கோட்பாட்டை லெனின் வன்மையாக எதிர்த்திருந்தார். 1950இல் ஸ்ராலின் மொழியியல் பற்றி எழுதிய கட்டுரைகளில், மொழி மேற்கட்டுமானத்தைச் சார்ந்ததன்று, வர்க்கத்துக்கொரு மொழி இல்லை என மார் என்பவரின் கொள்கையை மறுத்தார். கருத்தளவில் அவை மறுக்கற்பாலனவல்ல. ஆயின் அக்கட்டுரைகள் வெளிவருவதற்கு ஓராண்டுக்குச் சற்று முன்னர், 1949 மார்ச்சில், இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட மக்கள் எஸ்தோனியாவிலிருந்து சைபீரியாவுக்கு நாடுகடத்தப்பட்டனர். அவருட் பெரும்பாலோர் பெண்களும் பிள்ளைகளும் முதியோருமாவர்.

எஸ்தோனியப் பள்ளிகளும் பல்கலைக்கழகக் கல்வியும் நூல் வெளியீடும் சோவியத் காலத்தில் தொடர்ந்தன என்பதையும் நேர்மையுடன் கூறவேண்டும். பவுல் அரிஸ்தே (1905-1990) போன்றோர் தார்த்துவைப் பின்னிய-உக்கிரிய ஆய்வின் மையமாக நிலைநிறுத்தினர். ஆனால் பெருந்தொழிற்சாலைகளும் அவற்றுக்கெனப் பிற குடியரசுகளிலிருந்து கொணரப்பட்ட தொழிலாளரும் ரஷ்யத்திலேயே இயங்கினர். 1934இல் மக்கள் தொகையில் 88 வீதமாயிருந்த எஸ்தோனியர் 1989இல் 61.5 வீதமாயினர். 1970களின் இறுதியில் ரஷ்ய மொழிக் கல்வி மேலும் வலியுறுத்தப்பட்டபோது, 1980இல் 40 அறிவாளர் மொழியின் நிலை குறித்துப் பகிரங்க மடலொன்றில் ஒப்பமிட்டனர். 1989 ஜனவரியில் எஸ்தோனியத்தை அரச மொழியாக்கும் சட்டம் நிறைவேறியது. 1991இல் சுதந்திரம் மீண்டது. 2004 முதல் எஸ்தோனியம் ஐரோப்பிய ஒன்றியத்தின் அதிகார மொழிகளுள் ஒன்றாகும்.

இங்குதான் வரலாறு தன் கடினமான வினாவை எழுப்புகின்றது. 1940க்கு முற்பட்ட குடிமக்களுக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்குமே குடியுரிமை உரியது எனப்பட்டதால், 1992இல் மக்கள் தொகையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் எந்நாட்டின் குடியுரிமையும் உறுதியற்றோராயினர். அவருட் பலர் நார்வாவிலும் வடகிழக்கின் எரிகல் சுரங்கங்களிலும் உழைத்த தொழிலாளர். குடியுரிமை பெற எஸ்தோனிய மொழித் தேர்ச்சி நிபந்தனையாயிற்று. ஆண்டுகள் செல்ல இத்தொகை பெரிதும் குறைந்துள்ளதெனினும் சிக்கல் முற்றாகத் தீரவில்லை. 2024 முதல் ரஷ்ய மொழிப் பள்ளிகள் படிப்படியாக எஸ்தோனிய மொழிக்கு மாற்றப்படுகின்றன. சிறிய மொழி தன்னைக் காக்கும் உரிமையும், உழைக்கும் மனிதன் தன் மொழியால் தண்டிக்கப்படாதிருக்கும் உரிமையும் ஒன்றையொன்று எதிர்கொள்ளும் இடம் இது. மொழிச் சட்டமொன்று மக்களை எவ்வாறு பிரிக்கும் என்பதை 1956இற்குப் பின்னர் வாழ்ந்து அறிந்த எமக்கு இவ்வினா அந்நியமானதன்று. எனினும் இரண்டையும் ஒன்றெனக் கொள்வதும் தவறு. எஸ்தோனியரின் அச்சம் பெரும்பான்மையின் கற்பனை அச்சமன்று.

அவ்வச்சத்துக்கு ஆதாரம் அருகிலேயே உள்ளது. எஸ்தோனியத்தின் சகோதர மொழியான லிவோனியம் லாத்வியக் கரையோர மீனவக் கிராமங்களில் ஒடுங்கி நின்றது. பள்ளியும் அச்சகமும் வலுப்பெறுமுன் போர் வந்தது. பின்னர் அக்கரை எல்லைக் காவல் வலயமாகி, மீன்பிடித் தொழிலும் கட்டுப்படுத்தப்பட்டுக் கிராமங்கள் வெறிதாயின. அதனைத் தாய்மொழியாகக் கொண்டிருந்த இறுதி மனிதர் 2013இல் மறைந்தார். இரு மொழிகளும் ஒரே குடும்பத்தவை. ஒத்த சொல்வளமும் இலக்கண நுட்பமும் உடையவை. ஒன்று வாழ்ந்தது, மற்றொன்று அழிந்தது. மொழிகளின் வாழ்வும் சாவும் அவற்றின் இனிமையாலோ தொன்மையாலோ தீர்மானிக்கப்படுவதில்லை. அவற்றைப் பேசுவோர் நிலத்தையும் பள்ளியையும் அச்சகத்தையும் தம் வாழ்வின் மீதான அதிகாரத்தையும் பெறுகின்றனரா என்பதாலேயே தீர்மானிக்கப்படுகின்றன. அவ்வதிகாரத்தைப் பெற்ற மக்கள் அதனைத் தம்மிடையே வாழும் பிற மொழியினரோடு எவ்வாறு பகிர்ந்துகொள்கின்றனர் என்பதே எஸ்தோனிய மொழி வரலாற்றின் இன்னும் எழுதி முடியாத அத்தியாயமாகும்.